கண்ணாடி அலமாரியும் ரயில் ஸ்டேஷனும்

வழக்குத் தீர்க்கும் உத்தியோகத்தை நமக்கு யாரும் கொடுத்ததில்லை, நாமும் கேட்டதில்லை. ஆயினும் ராயபுரத்திலுள்ள நம் பழைய நண்பர் ஒருவர், நவராத்திரிக்கு இன்னும் பதினைந்து நாட்கள் இருக்கையில், ஒரு வழக்கைக் கொண்டுவந்து நம் முன்னால் வைத்துவிட்டார். வாதி அவருடைய பேத்தி; வயது ஒன்பது. பிரதிவாதி அவருடைய பிள்ளை, அதாவது அந்தப் பேத்தியின் தகப்பனார். வழக்குக்குக் காரணமான சொத்து, ஒரு கண்ணாடி அலமாரிக்குள் இருந்த பிளாஸ்டிக் செங்கற்கள்.

வீட்டில் குழந்தைகள் உள்ள நேயர்களுக்கு இந்தச் செங்கல்லை நாம் அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை. நள்ளிரவில் தண்ணீர் குடிக்க எழுந்து போகும்போது, வெறுங்காலுக்கு அது தன்னைத் தானே அறிமுகம் செய்துகொண்டிருக்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறோம். சிறு நீள்சதுரக் கட்டை, மேலே வரிசையாகக் குமிழ்கள், அடியிலே பள்ளம். ஒன்றின் குமிழ்மேல் மற்றொன்றின் பள்ளத்தை வைத்து அழுத்தினால் 'டக்' என்று பிடித்துக்கொள்ளும், இழுத்தால் விட்டுவிடும். கடைக்காரர் இதை 'பில்டிங் பிளாக்ஸ்' என்பார். குழந்தைகளோ, எந்த ஊரில் எவர் செய்ததானாலும், 'லெகோ' என்றே சொல்லும். லெகோ என்பது டென்மார்க் தேசத்துக் கம்பெனி ஒன்றின் பெயர். ஆகையால் நாம் பொதுவாகச் செங்கல் என்றே எழுதிச் செல்வோம்.

வழக்கின் விவரம் இது. நண்பரின் பிள்ளை பழைய மாமல்லபுரம் சாலையில் கம்ப்யூட்டர் உத்தியோகம் பார்க்கிறார். வருஷத்திற்கு ஒன்றிரண்டு பெட்டிகளாகச் சேர்த்து வருகிறார். சென்ற கோடையில் வாங்கிய பெட்டியில் ஐரோப்பிய நகரத்து வீதியொன்றின் மூலைவீடு இருந்தது. மூன்று இரவுகள் கண்விழித்து, உடன் வந்த புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் பார்த்து அதைக் கட்டி முடித்தார். கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டினார். பேத்தியோ இந்த வருஷக் கொலுவுக்குப் பக்கத்தில் போடும் 'பார்க்'கில் ராயபுரம் ரயில் ஸ்டேஷனைக் கட்ட வேண்டும் என்று தீர்மானித்தாள். அவளிடம் கூடை நிறைய உள்நாட்டுச் செங்கற்கள் உண்டு. ஆனால் ஸ்டேஷனின் முகப்பில் தூண்கள் அல்லவா பிரதானம்? தூணுக்கு வேண்டியவை உருண்டையான வெள்ளைச் செங்கற்கள். அவை அவளுடைய கூடையில் இல்லை. கண்ணாடிக்குள் இருந்த மூலைவீட்டில் ஏராளமாக இருந்தன.

"அப்பா, அதைக் கலைத்துத் தருகிறீர்களா?" என்று கேட்டிருக்கிறாள்.

"கலைப்பதற்கா மூன்று ராத்திரி உட்கார்ந்தேன்?" என்று அவர் சொல்லியிருக்கிறார். குழந்தை அழவில்லை. "பின்னே எதற்கு அதற்கு 'விளையாட்டுச் சாமான்' என்று பேர்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டாளாம்.

"இரண்டு பேரும் என்னைப் பார்க்கிறார்கள். என்னால் வாய் திறக்க முடியவில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்றார் நண்பர். அவரால் வாய் திறக்க முடியாததற்குக் காரணம் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறோம்.

* * *

முதலில், கட்டுவதும் கலைப்பதும் நமக்குப் புதியவை அல்ல. தமிழ்நாட்டுப் பெண் குழந்தைகள் மணலில் சிற்றில் கட்டி விளையாடியதும், ஆண்பிள்ளைகள் வந்து அதைக் காலால் சிதைத்ததும் நம் இலக்கியத்தில் எவ்வளவு பழமையான சங்கதி! பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் ஆண்பால் பிள்ளைத்தமிழுக்கு வகுத்த பத்துப் பருவங்களுள் சிற்றிலுக்கென்றே ஒரு பருவத்தை ஒதுக்கிவைத்தார்கள். சிறுதேர் உருட்டுவதற்கும் ஒன்று வைத்தார்கள். விளையாட்டுச் சாமானுக்கு இலக்கணத்தில் இடம் கொடுத்த ஜனங்கள் நாம்.

ஆனால் ராயபுரத்துக் குழந்தை சிற்றில் கட்டுவதற்கு இன்றைக்கு மணல் எங்கே இருக்கிறது? சென்னைத் துறைமுகத்தின் சுவர்களைக் கடலுக்குள் கட்டத் தொடங்கியது 1870-களின் நடுவில். நம் கரையோரமாக மணல் வருஷத்தின் பெரும்பகுதியில் தெற்கிலிருந்து வடக்கு நோக்கிப் பிரயாணம் செய்வது. துறைமுகச் சுவர் அந்தப் பிரயாணத்தைத் தடுத்தது. தெற்கே தேங்கிய மணல் மெரீனாவை அகலமாக்கியது. வடக்கே ராயபுரம் முதல் திருவொற்றியூர், எண்ணூர் வரை வரவேண்டிய மணல் வராமற்போகவே, கடல் கரையைத் தின்னத் தொடங்கிற்று. இன்று அந்தச் சாலையோரம் போகிறவர்கள் காண்பது மணல்வெளி அல்ல, அலையைத் தடுக்கக் கொட்டிய கருங்கல் பாறைகள். மெரீனாக் குழந்தைக்குக் கிடைத்த மணல், ஒரு விதத்தில், ராயபுரத்துக் குழந்தையின் பங்கு. அந்தப் பங்கை இழந்த குழந்தை பிளாஸ்டிக் செங்கல்லை எடுத்துக்கொண்டால் நாம் முகத்தைச் சுளிப்பது நியாயமாகாது.

* * *

இந்தச் செங்கல்லின் பூர்வோத்தரத்தைக் கொஞ்சம் பார்ப்போம். டென்மார்க்கில் பில்லுண்ட் என்ற சிற்றூரில் ஓலே கிர்க் கிறிஸ்டியான்ஸன் என்றொரு தச்சர் இருந்தார். உலகமெங்கும் பணமுடை ஏற்பட்ட காலத்தில் வீடு கட்டுவோர் குறைந்தனர். தச்சருக்கு வேலை இல்லை. 1932-ம் வருஷம் அவர் மரப்பொம்மைகள் செய்யத் தொடங்கினார். 'நன்றாக விளையாடு' என்று பொருள்படும் இரண்டு டேனிஷ் சொற்களைச் சுருக்கி 1934-ல் 'லெகோ' என்று தம் பொம்மைகளுக்குப் பெயர் வைத்தார். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த பின்னர், உருக்கிய பிளாஸ்டிக்கை அச்சில் செலுத்தி வார்க்கும் யந்திரம் ஒன்றை வாங்கினார். இங்கிலாந்தில் ஹிலரி பிஷர் பேஜ் என்பவர் குமிழ் வைத்த பிளாஸ்டிக் செங்கற்களை ஏற்கெனவே செய்து விற்றுவந்தார். அவற்றைப் பார்த்து, சிற்சில மாறுதல்கள் செய்து, டென்மார்க்காரர்கள் 1949-ல் தங்கள் செங்கல்லை வெளியிட்டார்கள். ஆகவே முதல் செங்கல்லும் பிறரைப் பார்த்துச் செய்ததுதான். இதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்தப் பழைய செங்கல்லின் அடிப்பாகம் வெறும் பொள்ளல். அடுக்கினால் நிற்கும், கை பட்டால் சரியும். 1958-ம் வருஷம் ஜனவரி 28-ம் தேதி பதிவுக்கு அனுப்பிய புது முறையில், அடியிலே வட்டக் குழல்களை வைத்தார்கள். கீழ்ச் செங்கல்லின் குமிழ் இப்போது மேல் செங்கல்லின் சுவருக்கும் குழலுக்கும் நடுவே நெருக்குண்டு நிற்கும். பிளாஸ்டிக் இம்மியளவு வளைந்து, திரும்ப நிமிர முயலும். அந்த முயற்சியே பிடிப்பு. பசை இல்லை, ஆணி இல்லை, திருகு இல்லை. குமிழின் நடுவிலிருந்து அடுத்த குமிழின் நடுவுக்கு 8 மில்லிமீட்டர்; செங்கல்லின் உயரம், குமிழ் நீங்கலாக, 9.6 மில்லிமீட்டர். இந்தக் கணக்கில் மயிரிழை தவறினாலும் ஒன்று ஒட்டாது, அல்லது ஒட்டினது பிரியாது. ஆகையால் அச்சு செய்கிறவனுடைய கைத்திறமையே இந்த விளையாட்டின் உயிர்நாடி. 1963 முதல் ஏ.பி.எஸ். என்ற கெட்டியான பிளாஸ்டிக்கில் வார்க்கிறார்கள். அதற்கு முன்பு உபயோகித்த சரக்கு நாளடைவில் கோணிக்கொள்ளும் குணம் உடையது. இந்த ஒழுங்கின் பயனாக, 1958-ல் செய்த செங்கல் இன்று செய்த செங்கல்லோடு பொருந்துகிறது. பாட்டனாரின் கூடையும் பேரனின் கூடையும் ஒன்றாகலாம்.

எட்டுக் குமிழ் உள்ள செங்கல் இரண்டை ஒன்றோடொன்று 24 விதமாகப் பொருத்தலாம். மூன்று இருந்தால் 1,060 விதம். ஒரே நிறத்தில் ஆறு செங்கல் இருந்தால்? 91,51,03,765 விதம், அதாவது தொண்ணூற்றொரு கோடிக்கு மேல்! ஆறே செங்கல்லுக்கு இப்படியென்றால், ஆயிரக்கணக்கான செங்கற்கள் உள்ள பெட்டிக்கு எத்தனை உருவங்கள் என்று கணக்கிட நமக்குத் தைரியமில்லை. அத்தனையையும் விட்டு, புத்தகத்தில் அச்சிட்ட ஒரே ஓர் உருவத்தைக் கட்டி அலமாரியில் பூட்டுவது, அகராதியை வாங்கி அதில் ஒரே ஒரு சொல்லை மட்டும் சட்டம் போட்டு மாட்டிவைப்பது போல் இல்லையா?

இது நண்பரிடம் நாம் கேட்ட கேள்வி. அவர் சிரித்தார். ஆனால் சேகரிப்பவர் பக்கத்து நியாயத்தையும் அவர் நமக்கு எடுத்துச் சொன்னார். கம்பெனி சில வருஷங்கள் விற்றுவிட்டுப் பெட்டியை நிறுத்திவிடும். பிறகு அந்தப் பெட்டிகளில் பல, வாங்கிய விலையைவிட அதிகத்துக்குக் கைமாறும். உறை பிரிக்காத பெட்டிக்கு மதிப்பு அதிகம். ஒரு செங்கல் குறைந்தாலும் மதிப்பு இறங்கும். தபால் தலை சேர்க்கிறவரிடம் "இதை ஒட்டி ஏன் கடிதம் எழுதக்கூடாது?" என்று நாம் கேட்பதுண்டா?

நியாயந்தான். ஆனால் பிள்ளை பணத்தை எண்ணி அலமாரியைப் பூட்டவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

* * *

இனி, நண்பர் வாய் திறக்காததன் காரணத்தைச் சொல்கிறோம். நண்பர் திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைக்கு எட்டு வயதாக இருக்கும்போது ஒரு தீபாவளிக்கு முன்னாள் அவனைப் பர்மா பஜாருக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு கடையில் வெளிநாட்டுச் செங்கல் பெட்டி இருந்தது. பையன் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றான். விலை, தகப்பனாரின் சம்பளத்தில் கால்பங்கு. "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டார். அடுத்த வருஷம் பையன் கேட்கவே இல்லை. "அவன் கேட்டிருந்தால்கூடத் தேவலை" என்றார் நண்பர். "இன்றைக்கு அந்த அலமாரியைப் பார்க்கும்போதெல்லாம், கண்ணாடிக்கு உள்ளே இருப்பது வீடு இல்லை, அந்தப் பெட்டி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதைக் கலை என்று நான் எந்த வாயால் சொல்வேன்?"

நமக்கும் உடனே விடை சொல்லத் தெரியவில்லை. விலையைப் பற்றி மட்டும் பேசினோம். இப்போதும் வெளிநாட்டுப் பெட்டி வடசென்னைக் குடும்பங்களில் பெரும்பாலாருக்கு எட்டாத பண்டமே. 2020-ல் சர்க்கார் பொம்மை இறக்குமதிக்குத் தீர்வையை நூற்றுக்கு 20-லிருந்து 60 ஆக உயர்த்தினர். 2023-ல் அது 70 ஆயிற்று. 2021 ஜனவரி 1 முதல் இந்தியத் தர முத்திரை இல்லாத பொம்மையை விற்கவும் கூடாது என்று விதித்தனர். சுதேசித் தொழில் தழைக்கத் தீர்வை வேலி வேண்டியதுதான். ஆயினும் வேலி பயிரைக் காக்குமேயன்றிப் பயிராகாது. அச்சும் யந்திரமும் மயிரிழை பிசகாத கையும் வேண்டும்.

அவை நம்மிடம் இல்லாதவை அல்ல. இதே திருவொற்றியூரில் 1946-ம் வருஷம், கே. எம். மாம்மன் மாப்பிள்ளை என்ற இளைஞர் ஒரு கொட்டகையில் ரப்பர் பலூன் செய்யத் தொடங்கினார். குழந்தைகள் ஊதி உடைக்கும் பலூன்! அந்தக் கொட்டகையே வளர்ந்து, 1952-ல் தேய்ந்த டயருக்கு மேல்பட்டை போடும் ரப்பர் செய்து, பிறகு 1961-ல் அதே ஊரில் டயர்த் தொழிற்சாலையாகி, எம்.ஆர்.எப். என்று தேசமெங்கும் பெயர் பெற்றது. பலூனில் பிறந்த அந்தக் கம்பெனி, பொம்மையை மறக்கவில்லை போலும்: 1987-ல் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோவுடன் சேர்ந்து பன்ஸ்கூல் என்ற பொம்மைக் கம்பெனியை நிறுவிற்று. அதற்குக் கோவாவிலும் நம் ராணிப்பேட்டையிலும் தொழிற்சாலைகள் இருக்கின்றன. செங்கல் விஷயத்திலும் கதவு திறந்தே இருக்கிறது. குழல் வைத்த செங்கல்லின் ஆதி உரிமைப் பதிவு 1978-லேயே காலாவதியாயிற்று. செங்கல்லின் உருவத்தை வியாபார முத்திரையாகக் கொண்டாட முடியாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2010-ல் தீர்ப்புச் சொல்லிவிட்டது. 8 மில்லிமீட்டர்க் கணக்கில் எவரும் செய்யலாம். நம்மவர்களும் செய்கிறார்கள்.

* * *

நண்பர் கொஞ்சநேரம் பேசாமலிருந்துவிட்டு, தம் தொழிற்சாலைக் கதையை ஆரம்பித்தார். அவர் வேலைக்குச் சேர்ந்தபோது மூத்த தொழிலாளிகள் சொல்லக் கேட்டது அது. 1955-ல் திருவொற்றியூரில் என்பீல்டு தொழிற்சாலை ஏற்பட்டபோது, இங்கே மோட்டார் சைக்கிள் செய்யவில்லை. இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் செய்த உறுப்புக்கள் பெட்டி பெட்டியாகக் கப்பலில் வரும். நம்மவர்கள் பெட்டியைப் பிரித்து, குறிப்பின்படி ஒவ்வொன்றாக மாட்டி வண்டியாக்குவார்கள்.

"அலமாரி வீடு கட்டினானே, அதே வேலைதான்" என்றார் நண்பர். "புத்தகம் சொன்னபடி மாட்டுவது. மாட்டுகிறவன் கெட்டிக்காரன்தான். ஆனால் ஒரு நட்டுக் குறைந்தால் அடுத்த கப்பல் வரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும்."

1957-ல் உறுப்புக்களைச் செய்யும் கருவிகளே இங்கு விற்கப்பட்டன. 1962-க்குள் வண்டி முழுவதையும் இங்கேயே செய்யலாயினர். 1970-ல் இங்கிலாந்தில் அந்தப் பெயருள்ள வண்டி நின்றுபோயிற்று; திருவொற்றியூரில் நிற்கவில்லை. 1977-ல் அதே இங்கிலாந்துக்கு இங்கிருந்து வண்டி அனுப்பினார்கள்!

எண்ணூரின் கதையும் அப்படியே. 1948-ல் ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், முதலில் செய்தது ஆஸ்டின் கார்களின் உறுப்புக்களை வரவழைத்துப் பூட்டும் வேலை. 1951-ல் லேலண்டு லாரியின் அடிச்சட்டங்களைப் பூட்டினார்கள். 1955-ல் அசோக் லேலண்டு என்று பெயர் மாறிற்று. இன்று தேசத்தின் நெடுஞ்சாலைகளில் ஓடும் லாரிகளிலும் பஸ்களிலும் எத்தனை அந்தப் பெயரைத் தாங்கியிருக்கின்றன என்று நேயர்களே எண்ணிப் பார்க்கலாம்.

பெட்டியைப் பிரித்துக் குறிப்பின்படி மாட்டுவது இழிவு அல்ல. எல்லாரும் அங்கேதான் தொடங்குகிறார்கள். டென்மார்க்குத் தச்சரும் இன்னொருவர் செங்கல்லைப் பார்த்துத்தான் தொடங்கினார். ஆனால் அங்கேயே நின்றுவிடுகிறவனுக்கு அடுத்த கப்பலுக்குக் காத்திருப்பதே கதி. ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரையிலுள்ள புகையும் இரைச்சலும் நிறைந்த இந்தப் பத்துப் பன்னிரண்டு மைல் கற்றுத்தந்த பாடம் அதுதான். ஒன்பது வயதுப் பெண் தானாகவே அந்தப் பாடத்துக்கு வந்துவிட்டாள். தகப்பனார் இன்னும் முதல் பக்கத்தில் இருக்கிறார். எனவே, 'கலைத்துவிடு' என்று தீர்ப்புச் சொல்லலாமா என்று யோசித்தோம். ஆனால், ஒருவர் முப்பது வருஷம் காத்திருந்து பெற்றதை இன்னொருவர் உத்தரவினால் கலைப்பது நியாயமாகப் படவில்லை. "ஞாயிற்றுக்கிழமை குழந்தை ஸ்டேஷனை அளக்கப் போகும்போது அவனையும் கூட்டிப் போங்கள். அலமாரியைப் பற்றி ஒரு வார்த்தையும் பேச வேண்டாம்" என்று மட்டும் சொன்னோம்.

* * *

நாமும் உடன் போனோம். ராயபுரம் ஸ்டேஷனின் பெருமையை அதன் வழியாகத் தினமும் போகிறவர்களே அறியமாட்டார்கள். தென்னிந்தியாவின் முதல் பிரயாணிகள் ரயில் 1856 ஜூலை 1-ம் தேதி இங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. 1853-ல் ரயில் ஓடத் தொடங்கிய பம்பாயிலும் தாணாவிலும் அக்காலத்துக் கட்டடங்கள் மறைந்துவிட்டன. ஆகையால் தேசத்தில் இன்றும் நிற்கும் ஸ்டேஷன் கட்டடங்களுள் இதுவே மிகப் பழமையானது.

குழந்தை ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுவந்திருந்தாள். முகப்பை அடி வைத்து அளந்தாள். ஓர் அடிவைப்புக்கு ஒரு குமிழ் என்பது அவள் கணக்கு. தகப்பனார் மனத்துக்குள் பெருக்கிப் பார்த்து, "நூறு அடிவைப்புக்கு 80 சென்டிமீட்டர் ஆகுமே, அம்மா! பார்க்கில் குளத்துக்கு இடம் இருக்காது" என்றார். "அப்படியானால் இரண்டு அடிவைப்புக்கு ஒரு குமிழ்" என்றாள். பிறகு தூண்களை எண்ணினார்கள். இருவருக்கும் எண்ணிக்கை ஒத்துவரவில்லை, மறுபடியும் எண்ணினார்கள். நண்பரும் நாமும் நிழலில் நின்றுகொண்டோம்.

அன்று மாலை கூடத்தில் வேலை தொடங்கிற்று. தகப்பனார் பழக்கதோஷத்தால் பக்கத்தில் கையை நீட்டி எதையோ தேடினார். "புத்தகம் இல்லை, அப்பா" என்றாள் பெண். அவர் கட்டிய முதல் சுவர் ஒரு சாண் உயர்ந்ததும் நடுவில் பிளந்துகொண்டது. நண்பர் குனிந்து பார்த்தார். "கொத்தனார் வேலையைப் பார்த்ததில்லையா? மூட்டுக்கு நேரே மூட்டு வரலாமா? கீழே இரண்டு செங்கல் சேருமிடத்தின்மேல், மேல் செங்கல்லின் நடு வரவேண்டும்" என்று சொல்லி இரண்டு வரிசை வைத்துக் காட்டினார். வாங்க முடியாமற்போன பெட்டியின் சங்கதியைத் தகப்பனும் பிள்ளையும் தரையில் உட்கார்ந்து பேசிக்கொண்டது அன்றுதான். என்ன பேசினார்கள் என்பது நமக்கு வேண்டாத விஷயம்.

சுவர்கள் எழும்பின, முகப்பு மொட்டையாக நின்றது. குழந்தை தூணைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. மறுநாள் காலையில் அவள் எழுந்து வந்தபோது, கூடத்தில் ஒரு தட்டு நிறைய உருண்டை வெள்ளைச் செங்கற்கள் இருந்தன. அலமாரியில் மூலைவீட்டுக்குப் பதிலாக அதன் புத்தகம் மட்டும் இருந்தது.

* * *

இந்தப் பொழுதுபோக்கில் இறங்க விரும்பும் பெற்றோருக்கு, ராயபுரத்து அனுபவத்திலிருந்து சில குறிப்புக்கள். பெரிய பெட்டி ஒன்றைவிட, சாதாரணச் செங்கற்கள் நிறைய உள்ள கூடை ஒன்று மேல். வாங்கும்போது தர முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். முடிந்தால் இரண்டைப் பொருத்திப் பிரித்துப் பாருங்கள். நிறவாரியாகப் பிரித்துவைப்பது அழகு; உருவவாரியாகப் பிரித்துவைப்பது உபயோகம். ஒரே நிறக் குவியலில் சின்னத் துண்டு ஒன்றைத் தேடிப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். அழுக்கானால் சோப்பு கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவுங்கள், கொதிநீர் கூடாது, வெயிலில் காயவைத்தால் வெள்ளை பழுப்பாகும். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை வீட்டிலிருந்தால் சிறு துண்டுகளை எட்டாத இடத்தில் வையுங்கள்; தொண்டையில் சிக்கினால் உயிருக்கு ஆபத்து. வளர்ந்த பிள்ளைகள் உள்ள உறவினர் வீட்டுப் பரணைக் கேட்டுப் பாருங்கள். பழையது புதியதோடு பொருந்தும் பொம்மை இது.

வேண்டாம் என்று மட்டும் இதைக் குப்பையில் எறியாதீர்கள். 1997 பிப்ரவரியில், இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியருகே பேரலை ஒன்று 'டோக்கியோ எக்ஸ்பிரஸ்' என்ற கப்பலைத் தாக்கி 62 கண்டெய்னர்களைக் கடலில் தள்ளிற்று. ஒன்றில் ஏறக்குறைய 48 லட்சம் லெகோ துண்டுகள் இருந்தன. அவை இன்னும் கரை ஒதுங்கிக்கொண்டிருக்கின்றன. அந்நாட்டின் பிளிமத் சர்வகலாசாலையார் 2020-ல் ஆராய்ந்து, இத்தகைய செங்கல் கடலில் நூறு முதல் ஆயிரத்து முந்நூறு வருஷம் வரை கிடக்கக்கூடும் என்று மதிப்பிட்டனர். எண்ணூர்க் கழிமுகம் படும் பாடு நமக்குத் தெரியும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் அங்கே எண்ணெய் பரவி மீனவர்களின் வலையும் படகும் கறுத்துப்போனதை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆயிரம் வருஷம் கிடக்கக்கூடிய பொருளைக் கடலுக்குக் கொடுப்பதைவிட, அடுத்த வீட்டுக் குழந்தைக்குக் கொடுப்பது உத்தமம்.

* * *

கொலுவுக்கு நாமும் போயிருந்தோம். கேழ்வரகு முளைத்த பசுமைக்கு நடுவே கண்ணாடித் துண்டினாலான தெப்பக்குளம். அதன் கரையில் செந்நிறச் சுவரும் வெள்ளைத் தூண்களுமாக ராயபுரம் ஸ்டேஷன். மேடையில் செட்டியார் பொம்மையும் அவர் சம்சாரமும் ரயிலுக்குக் காத்திருந்தார்கள். அவர்கள் தூணைவிட உயரமாக இருந்ததை ஒருவரும் குற்றமாகச் சொல்லவில்லை. சுண்டல் வாங்க வந்த கிழவி ஒருத்தி வெகுநேரம் பார்த்துவிட்டு, "நான் புக்ககம் வந்து இறங்கின ஸ்டேஷன்!" என்றாள்.

விஜயதசமிக்கு மறுநாள் பொம்மைகள் பெட்டிக்குள் போயின, ஸ்டேஷனும் கலைக்கப்பட்டது. தகப்பனாரும் பெண்ணும் புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு மூலைவீட்டைத் திரும்பக் கட்டினார்கள். இந்தத் தடவை ஒரே இரவு போதுமாயிருந்தது. மூன்று வெள்ளைச் செங்கற்கள் மட்டும் அகப்படவில்லை. கூடையிலிருந்து உள்நாட்டுச் செங்கல் மூன்றை எடுத்து அந்த இடத்தில் வைத்தார்கள். சரியாகப் பொருந்தின, வெள்ளை நிறந்தான் ஒரு மாற்றுக் குறைவு. நாம் சென்ற வாரம் போனபோது உற்றுப் பார்த்துக் கண்டுபிடித்தோம். பெட்டியின் மதிப்புப் போயிற்றே என்று அவர் சொல்லவில்லை.

அலமாரியில் பூட்டு இருந்த இடத்தையும் பார்த்தோம். பூட்டைக் காணவில்லை. அடுத்த வருஷம் துறைமுகத்துப் பாரந்தூக்கி கட்டப்போவதாகக் குழந்தை நமக்குத் தெரிவித்தாள். அதற்கு மஞ்சள் செங்கல் நிறைய வேண்டுமாம்.